பாய்லர் மேல் காய்ந்த ஏழு காகிதங்கள்

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் சமையலறைச் சன்னலைத் திறந்தால் நேர் கீழே லாண்டரிக் கடையின் பின்னறை. அங்கே தும்மினால் என் அடுப்பு அணையும், அவ்வளவு பக்கம். காதைப் பொத்திக்கொண்டு சமைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அப்படி விழுந்த கதை இது.

[பாதி உண்மை. மீதியை ஆறாம் பகுதியில் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு அங்கே புரட்ட வேண்டாம். நான் இன்னும் அதை எழுதவில்லை.]

"மழை பெய்துகொண்டிருந்தது" என்றுதான் தொடங்கினேன். அன்று மழை பெய்யாவிட்டால் ஒன்றுமே நடந்திருக்காது, ஆகவே நியாயமான தொடக்கம். ஆனால் மழையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவப் பார்ப்பது இரண்டாம் பத்தியிலேயே வெளுத்துவிடும். அடித்துவிட்டேன்.

"நாட்டின் இறையாண்மையையே உலுக்கிய அந்தச் சிறிய அட்டை, கடந்த செவ்வாயன்று" – இது மாலைப் பத்திரிகையின் வாக்கியம். என்னுடையது இல்லை. அல்லது, ஒரு வகையில் என்னுடையதுதான். அதுவும் அடி.

மூன்றாவதாக எழுதியது: "லாண்டரிக் கடைக்காரி பயந்துபோயிருந்தாள்."

இது நிற்கும். அவள் மட்டும்தானா என்று கேட்காதீர்கள்.

2

அவளைத் தெருவே டோக்கன் என்றுதான் கூப்பிடும். எதை நீட்டினாலும் டோக்கன் குத்தாமல் வாங்க மாட்டாள். ஒரு தடவை தபால்காரர் கொடுத்த கடிதத்துக்கே டோக்கன் போட்டாள் என்றொரு பேச்சு உண்டு. பரப்பியது நான். அவள் கணவனுக்கு நீராவி என்று பெயர். நாள் முழுக்க நீராவிப் பெட்டியோடு நின்று நின்று, சீக்கிரம் சூடாகி, புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு, சீக்கிரமே ஆறிவிடுகிற மனுஷன்.

டோக்கனுக்கு ஒரு சட்டம் இருந்தது. வாடிக்கையாளரின் பாக்கெட்டில் இருப்பதை எடுக்கலாம், படிக்கக் கூடாது. எடுத்ததைப் பழுப்புக் கவரில் போட்டு, டோக்கன் எண்ணைப் பென்சிலால் எழுதி, அந்தத் துணியின் உள்புறமே ஊக்கால் குத்திவிடுவாள். கல்யாணப் பத்திரிகையோ காதல் கடிதமோ, அவளுக்கு எல்லாம் காகிதம்.

காகிதம் நனைந்திருந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. பின்னறை பாய்லரின் மேல் தகடு இதமான சூட்டில் இருக்கும். கம்பியில் கோட்டுகள் எந்த வரிசையில் தொங்குகின்றனவோ, அதே வரிசையில் அந்தக் காகிதங்களைத் தகட்டின் மேல் இடமிருந்து வலமாகப் பரப்புவாள். காய்ந்ததும் அதே வரிசையில் எடுத்துக் கவரில் போடுவாள். எதையும் படிக்காதவளுக்கு அடையாளம் இடம் மட்டும்தான். பதினொரு வருஷத்தில் ஒருவர் காகிதம்கூட இன்னொருவர் கோட்டுக்குப் போனதில்லை.

சட்டசபைக் கூட்டத்தொடர் தொடங்கிய அன்று புல்வெளியில் விருந்து வைத்தார்கள். மழை கொட்டியது. மறுநாள் காலை டோக்கனின் கம்பியில் ஏழு கறுப்புக் கோட்டுகள் சொட்டச் சொட்டத் தொங்கின. ஒரே தையற்கடை, ஒரே துணி. நாற்பத்தாறாம் டோக்கன் எதிர்க்கட்சிக் கொறடாவுடையது. நாற்பத்தேழு அமைச்சருடையது. சபையில் நேருக்கு நேர் உட்கார்ந்து கத்துகிறவர்கள் கம்பியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு தொங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அன்று என் சன்னல் திரைகளை வெளுக்கப் போட, அந்த நேரத்தில் கடைக்குப் போயிருந்தேன்.

பாய்லர் மேல் ஏழு காகிதங்கள். ஐந்து யாருக்கும் வேண்டாதவை. ஒன்று இருமல் மருந்துக்கான சீட்டு. இன்னொன்று தங்க நிற முத்திரை பதித்த தடித்த அட்டை.

3

அட்டையில் இருந்தது இரண்டே வரி. "இனிய நண்பருக்கு. நீங்கள் செய்த உதவியை எங்கள் அரசு மறக்காது; தேர்தலுக்கு முன் மீண்டும் சந்திப்போம்." மேலே கடல் தாண்டிய ஒரு நாட்டுத் தூதரகத்தின் முத்திரை. யாருக்கு என்று பெயர் இல்லை. ஆகவே அது எந்தக் கோட்டிலிருந்து வந்ததோ, அந்தக் கோட்டுக்காரர்தான் இனிய நண்பர்.

அது நாற்பத்தேழாம் கவரில் இருந்தது.

இந்தச் சங்கதி எப்படி வெளியே போனது என்று கேட்கிறீர்களா? தெருவில் ஒருத்தி தன் தங்கையிடம் போனில் சொன்னாள். தங்கையின் வீட்டுக்காரர் மாலைப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவர். மறுநாள் ஒரு சட்டையோடு கடைக்கு வந்தார். டோக்கன் குனிந்து டோக்கன் எழுதுகிற நேரத்தில் கவரைத் திறந்து படம் பிடித்துக்கொண்டார். [அந்த ஒருத்தி யாரென்று இந்த இடத்தில் எழுத வேண்டும். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை.]

ஆளும் கட்சி முதலில் அட்டையே போலி என்றது. தூதரகம் "தனிப்பட்ட கடிதங்கள் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை" என்று கூறிவிட, போலி இல்லை என்றாகிவிட்டது. உடனே, லாண்டரியில் யாரோ செருகிவிட்டார்கள் என்றார்கள். எதிர்க்கட்சியோ டோக்கனின் படத்தைப் போட்டு "மக்களின் சாட்சி" என்று சுவர் சுவராக ஒட்டியது.

"என் மூக்கு நிஜமாவே இவ்ளோ பெருசாங்க?" என்று அவள் கேட்டது என் அடுப்படிக்குக் கேட்டது.

"போஸ்டர்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றான் நீராவி. "நீ மூக்கைப் பத்திக் கவலைப்படற நேரமா இது?"

விசாரணைக் குழு போட்டார்கள். இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். அவர்கள் வந்து அமைச்சரின் கோட்டை ஒரு பிளாஸ்டிக் பையிலும், கவரை ஒரு பையிலும், அட்டையை ஒரு பையிலும், ஊக்கை ஒரு பையிலும் போட்டுச் சீல் வைத்து எடுத்துப்போனார்கள். ஊக்குக்கு ரசீது கேட்டாள் டோக்கன். எழுதிக் கொடுத்தார்கள்.

கொறடாவின் கோட்டை யாரும் கேட்கவில்லை. அதை அவர் டிரைவர் முதல் நாள் மாலையே வாங்கிப்போயிருந்தார், உள்ளே குத்திய கவரோடு. கவருக்குள் இருமல் சீட்டு.

4

பயம் எப்படி வந்தது என்று எழுத வேண்டும். கதைகளில் பயம் என்றால் கதவு கிறீச்சிடும். இங்கே பயம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

பகல் பதினொரு மணிக்கு ஒருவர் வருவார். மூன்று மணிக்கு இன்னொருவர். இரண்டு பேரும் சுத்தமான, மடிப்புக் கலையாத சட்டைகளை வெளுக்கக் கொடுப்பார்கள். கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். எத்தனை வருஷமாகக் கடை, யார் யார் வந்து போவார்கள், பின்கதவு எங்கே திறக்கும் என்று கேட்பார்கள். போய்விடுவார்கள்.

"இந்த நீலச் சட்டை நாலாவது தடவையா வருதுங்க," என்றாள் டோக்கன். "அழுக்கே இல்ல. இப்படியே துவைச்சா கிழிஞ்சிடும். துணி பாவம்."

"கிழியட்டும். நம்மள கிழிக்காம இருந்தா சரி."

ஒரு காலை ஷட்டரில் சிவப்பு மையில் "துரோகி" என்று எழுதியிருந்தது. அமைச்சரின் ஆட்கள். நீராவி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். அன்றே ஒரு நிருபர் டோக்கனிடம், "நிச்சயமா அமைச்சர் கோட்டுதானா?" என்று கேட்க, அவள், "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அதே ஷட்டரில் பச்சை மையில் "துரோகி." சொல் ஒன்று, கையெழுத்து இரண்டு. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் ஒருவழியாக ஒன்றில் ஒத்துப்போயின.

பிறகு அந்தக் காகிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழுவின் முன் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம். அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள்.

"படிங்க," என்றாள் டோக்கன்.

நீராவி எழுத்துக் கூட்டிப் படித்தான். "'மேற்படி அட்டையை நாற்பத்தேழாம் டோக்கன் கோட்டின் உள்பாக்கெட்டிலிருந்து நானே எடுத்தேன். கவரில் இட்டு ஊக்குக் குத்தும்வரை என் கையைத் தவிர வேறு கை எதுவும் அதன் மேல் படவில்லை.' சரிதானே? போடு கையெழுத்தை."

"வேற கை படலன்னு எப்படிங்க சொல்றது?"

"படலதானே?"

"நான் பாக்கல."

"பாக்கலன்னா படலன்னுதானே அர்த்தம்?"

"அது எப்படி? நான் பாக்காதப்போ நீங்க பீடி குடிக்கிறதில்லையா?"

புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. நீராவிப் பெட்டியா அவனா என்று மேலிருந்து தெரியவில்லை.

"ஏம்மா," என்றான் கொஞ்சம் கழித்து, குரலை இறக்கி. நான் சன்னலோரம் நகர வேண்டியிருந்தது. "கீழ என்ன போட்டிருக்கு பாத்தியா? பொய்ச் சத்தியம்னு தெரிஞ்சா ஏழு வருஷமாம்."

"தெரியும். அதனாலதான் படிக்கச் சொன்னேன்."

அதன்பின் ஏதோ தகரச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். டோக்கன் பாய்லர் தகட்டின் மேல் ஏழு காலிக் கவர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். வைத்தாள், எடுத்தாள், கம்பியைப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். நாலாவதும் ஐந்தாவதும் வரும்போது அவள் கை நின்றது. ஒவ்வொரு தடவையும் அங்கேயே நின்றது.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். டோக்கன் மேல் அல்ல. அவளை எழுதுவது சுலபம். நேர்மையானவர்களுக்கு வளைவு நெளிவு இல்லாததால் பேனா தன்பாட்டில் ஓடும். சந்தேகம், அந்தக் கடைக்குத் திரைச்சீலை கொண்டுபோன எழுத்தாளர் மேல். அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு ஒரு தடவை முழுதாக எழுதிப் பார்த்தேன். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குழு அட்டையை அனுப்பியிருந்த ஆய்வுக்கூடத்து அறிக்கை வரும் இடத்தில் அவள் இல்லாமல் கதை நகரவில்லை.

அட்டையில் மூன்று பேர் விரல்ரேகை கிடைத்ததாம். சொந்தக்காரரின் ரேகையை மழை கழுவிவிட்டது. ஒன்று டோக்கன். இரண்டு, பிழை திருத்துகிறவர். மூன்றாவது யாருடையது என்று தெரியவில்லை.

அவ்வளவுதான், நாடே பிடித்துக்கொண்டது. "மூன்றாவது கை யாருடையது?" அமைச்சர் பக்கம், அட்டையைச் செருகிய எதிர்க்கட்சி ஏவலாளின் கை என்றது. கொறடா பக்கம், ஆதாரத்தை அழிக்க வந்த அரசாங்க உளவாளியின் கை என்றது. தொலைக்காட்சியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், அழுத்தத்தைப் பார்த்தால் வெளிநாட்டில் பயிற்சி பெற்ற கை என்றார். நான் என் கையைப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கிய காயம் இருந்தது.

அன்று மத்தியானம் டோக்கன் என் திரைச்சீலைகளைக் கொடுக்க மாடிக்கு வந்தாள். வழக்கமாக நான்தான் போய் வாங்குவேன்.

"உக்காரு, டீ போடறேன்."

"வேண்டாங்க்கா. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க இந்த ஸ்கிரீனைக் கொண்டாந்தப்போ, நான் குழாயை மூட வெளிய போனேன்ல?"

"போனியா?"

"ரெண்டு நிமிஷம். அப்போ பாய்லர்கிட்ட யாராச்சும் வந்தாங்களா?"

இதற்கு நான் உண்மையைச் சொன்னதாக முதலில் எழுதினேன். நான்கு அழகான வரிகள். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள், இருவரும் அழுவோம். படித்துப் பார்த்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிழித்துப் போட்டேன். நிஜமாகச் சொன்னது இது:

"நான் என்னத்தக் கண்டேன்? கவுன்டர்லயே நின்னுட்டிருந்தேன்."

அவள் தலையாட்டினாள். "அதானே. நீங்க எதையாச்சும் பாத்திருந்தா இந்நேரம் ஊருக்கே சொல்லியிருப்பீங்க. உங்க வாயில எதுவும் நிக்காதே."

கிண்டலாகச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா, இன்றுவரை தெரியவில்லை. மேசையில் நான் குடித்துவிட்டு வைத்த டம்ளர் இருந்தது. அவள் பார்வை அதன் மேல் ஒரு கணம் நின்றதா? நின்றது போலிருந்தது. அவள் படியிறங்கியதும் டம்ளரை இரண்டு தடவை கழுவினேன். பிறகு கதவுக் கைப்பிடியை. பிறகு

6

சரி.

அவள் குழாயை மூடப் போனாள். நான் கவுன்டருக்கு அந்தப் பக்கம் போனேன். தங்க முத்திரை மின்னியது; என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அட்டையை எடுத்தேன். ஈரத்தில் பக்கத்திலிருந்த இருமல் சீட்டும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. பிரித்தேன். அட்டையைப் படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், காலி. சீட்டையும் படித்தேன், எதற்கு விட்டுவைக்க வேண்டும்? குழாய்ச் சத்தம் நின்றது. இரண்டையும் தகட்டில் வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டேன்.

எது இடப்பக்கம் இருந்தது? எதை இடப்பக்கம் வைத்தேன்?

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எடுத்த மாதிரியே வைத்திருந்தால் அமைச்சர்தான் இனிய நண்பர். மாற்றி வைத்திருந்தால் கொறடா. அவள் திரும்பி வந்த கையோடு, "அந்த முத்திரை போட்ட அட்டை எந்தக் கோட்டோடது?" என்று அவளிடம் கேட்டு, அவள் நாற்பத்தேழு என்றதும் தங்கைக்குப் போன் போட்டேன். அப்போது எனக்கு இடம் வலம் எதுவும் உறைக்கவில்லை. செய்திதான் ருசித்தது.

இப்போது தொலைக்காட்சியில் யார் இருமுகிறார் என்று பார்க்கிறேன். மருந்துச் சீட்டு யாருடையதோ அவர் இருமத்தானே வேண்டும்? திங்களன்று அமைச்சர் இருமினார். அப்படியானால் சீட்டு அவருடையது, அட்டை மற்றவருடையது, நான் மாற்றித்தான் வைத்துவிட்டேன். செவ்வாயன்று கொறடா அதைவிட உரக்க இருமினார். இரண்டு பேரும்தானே மழையில் நனைந்தார்கள்.

உண்மை தெரிந்த ஒருவர் இருக்கத்தான் இருக்கிறார். தன் பாக்கெட்டில் அந்த அட்டையை வைத்திருந்தவர். அவர் இரண்டு பேரில் யாராக இருந்தாலும் சரி, தினமும் சபையில் "உண்மை வெளியே வரட்டும்!" என்று மேசையைத் தட்டுகிறார்.

7

முடிவுகளாக மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: டோக்கன் கையெழுத்துப் போடுகிறாள். அமைச்சர் பதவி போகிறது. ஆறு மாதம் கழித்து மூன்றாவது கையைக் கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடிக்காமல் விடுவார்களா? "வேறு கை படவில்லை" என்று சத்தியம் செய்தவள் சிறைக்குப் போகிறாள். கடை ஷட்டர் இறங்குகிறது. என் அடுப்படியில் சத்தமே இல்லை.

இரண்டாம் முடிவு: அவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள். "எனக்கு நிச்சயமில்லை" என்கிறாள். ஒரு கட்சி அவளை விலைபோனவள் என்கிறது; மற்றது, முதலில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டாள் என்கிறது. ஷட்டரில் இந்தத் தடவை மை மட்டும் வருமா, கல்லும் வருமா? [இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. நீராவி அன்று கடைக்கு உள்ளே இருப்பானா என்பது உட்பட.]

மூன்றாம் முடிவு: எழுத்தாளர் வியாழக்கிழமை காலை குழுவின் முன் போய் நிற்கிறாள். "என் கைதான்" என்கிறாள். பன்னிரண்டு பேரும் அவளைப் பார்க்கிறார்கள். "யார் சொல்லிச் செய்தாய்?" என்று ஆறு பேர் கேட்கிறார்கள். "யார் சொல்லிச் சொல்கிறாய்?" என்று மற்ற ஆறு பேர் கேட்கிறார்கள். சும்மா, ஆசைக்குப் படித்துப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புகிற முகம் ஒன்றாவது அங்கே இருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாக

இதுவும் பாதியில் நிற்கிறது.

8

இன்று புதன்கிழமை. மணி நான்கு. மூன்று மணிக்காரர் நீலச் சட்டையைக் கொடுத்துவிட்டு இப்போதுதான் போனார்.

ஒரு யோசனை செய்திருக்கிறேன். என் பழைய மழைக்கோட்டு ஒன்று இருக்கிறது. இந்தக் காகிதங்களை மடித்து அதன் உள்பாக்கெட்டில் வைத்து, கீழே போய் டோக்கனிடம் கொடுக்கப்போகிறேன். அவள் பாக்கெட்டைத் துழாவுவாள். எடுப்பாள். எல்லாம் இதில் இருக்கிறது. நாளைக்கு அவள் இதை நீட்டினால் போதும், எந்தப் பொய்ச் சத்தியமும் செய்ய வேண்டாம்.

எனக்கே தெரிகிறது, சிரிக்காதீர்கள். அவள் படிக்க மாட்டாள். பதினொரு வருஷத்துச் சட்டம். பழுப்புக் கவரில் போட்டு, எண் எழுதி, ஊக்குக் குத்தி, என்னிடமே பத்திரமாகத் திருப்பித் தருவாள். அது தெரிந்துதான் அவளிடம் கொடுக்கிறேனா என்று கேட்டால், இந்த வாக்கியத்தையும் நான் முடிக்காமல்

ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள்.

அப்படியென்றால் நீங்கள் டோக்கன் இல்லை. அவள் குழாயை மூடப் போன இரண்டு நிமிஷத்தில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் போனவர். வெளுத்த சட்டையை வெளுக்கக் கொடுக்க வந்தவரோ, திரைச்சீலையோடு வந்தவரோ, எனக்குத் தெரியாது. எந்தக் கட்சி என்றும் தெரியாது. தெரியாததால்தான் சன்னலைச் சாத்திவிட்டு, அரை வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பியில் என் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோட்டு தொங்கும். பாய்லர் சூடாக இருக்கும். பின்னால் குழாய்ச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்கும்வரை உங்களுக்கு நேரமிருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு அவள் என்ன சொல்லிச் சத்தியம் செய்வாள் என்பது, இந்தக் காகிதத்தை நீங்கள் எங்கே வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அவள் கையிலா, இன்னொரு பாக்கெட்டிலா, எடுத்த இடத்திலேயேவா?

எதைச் செய்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். மூன்றாவது கை என்னுடையது.

இப்போது இந்தக் காகிதத்தில் நான்காவது கை ஒன்றும் இருக்கிறது.